துப்ராவ்கா உக்ரெஷிச்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நாவல் பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படியாவது இந்தப் பெயரைக் கொண்டுவந்துவிடுவேன். உடனே எதிரே இருப்பவர் முகம் சுருங்கும். அப்புறம் கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

துப்ராவ்கா உக்ரெஷிச் 1949 மார்ச் 27 அன்று குரோஷியாவின் குட்டினா என்ற சிற்றூரில் பிறந்தார். 2023 மார்ச் 17 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். நாவல், சிறுகதை, கட்டுரை மூன்றும் எழுதியவர். குரோஷியத் தலைநகரான ஸாக்ரெபின் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியமும் ரஷ்ய மொழியும் படித்தார், பிறகு அங்கேயே இலக்கியக் கோட்பாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

வாழ்க்கையின் முதல் நாற்பத்திரண்டு வருடம் அவருக்கு ஒரு நாடு இருந்தது. அது யூகோஸ்லாவியா. பிறகு அந்த நாடு இல்லாமல் போனது. அடுத்த முப்பது வருடங்களை வெளியே கழித்தார். அவர் எழுத்தில் நமக்குப் புரியாமல் போகும் பல இடங்களுக்கு இதுதான் சாவி.

பெயரை எப்படிச் சொல்வது? டுப்ராவ்காவா, துப்ராவ்காவா?

ஸ்லாவிய மொழிகளில் அந்த எழுத்து நாக்கு பல்லைத் தொட்டு வரும் ஒலி. அதனால் 'து'தான் பக்கம். 'தும்பி' மாதிரி வன்மையாக இல்லாமல், கொஞ்சம் மென்மையாகச் சொன்னால் போதும். 'துப்ராவா' என்றால் அந்த மொழியில் ஓக் மரச் சோலை. நம் ஊர்க் கணக்கில் 'சோலை' என்று பெயர் வைத்ததுபோல. கடைசியில் வரும் 'இச்' அந்தப் பக்கத்துக் குடும்பப் பெயர்களின் வழக்கமான வால். கால்பந்து பார்ப்பவர்களுக்கு மோட்ரிச்சைத் தெரிந்திருக்கும், அதே வால்தான்.

யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்ததே, அதற்கும் குரோஷியாவுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிட்டோவின் தலைமையில் ஆறு குடியரசுகள் சேர்ந்த கூட்டாட்சி அது: ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா-ஹெர்ஸகோவினா, செர்பியா, மாண்டிநீக்ரோ, மாசிடோனியா. டிட்டோ 1980இல் இறந்தார். 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் தனிநாடு என்று அறிவித்தன. குரோஷியாவில் 1991 முதல் 1995 வரை போர் நடந்தது. போஸ்னியாவில் 1992இல் தொடங்கிய போர் இன்னும் கொடுமையானது.

ஆக, உக்ரெஷிச்சின் முதல் புத்தகங்கள் யூகோஸ்லாவியாவில் வெளியானவை. பின்னால் வந்தவற்றின் பின்னணி, அந்த நாடு உடைந்தபோது சிதறிய துண்டுகள்.

அம்மா பல்கேரியர் என்கிறார்களே, உண்மையா?

ஆமாம். கருங்கடல் கரையில் உள்ள வார்னா நகரத்துக்காரர். இது வெறும் குடும்பத் தகவல் இல்லை. அம்மாவும் வார்னாவும் அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 'ரத்தத்தை' வைத்து ஆள் பிரிக்கும் காலம் வந்தபோது, கலப்புக் குடும்பத்தில் பிறந்தவருக்கு எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இதைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

ஆரம்பத்திலிருந்தே அரசியல் எழுத்தாளரா?

இல்லவே இல்லை. முதல் புத்தகம் 1971இல் வந்த சிறுவர் நூல். பிறகு ரஷ்ய முன்னோடிக் கலை இயக்கங்களைப் பற்றிய ஆராய்ச்சி. தானீல் கார்ம்ஸ், போரிஸ் பில்ன்யாக் போன்ற ரஷ்யர்களை மொழிபெயர்த்தார். கார்ம்ஸைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஜன்னலிலிருந்து கிழவிகள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான் கதை. அந்த விளையாட்டுப் புத்தியைத்தான் உக்ரெஷிச் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். 1978இல் வந்த சிறுகதைத் தொகுப்பும் அப்படி இலக்கியத்தை வைத்தே விளையாடுவதுதான். அரசியல் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

ஏதோ தையல் நாவல் எழுதினாராமே?

'வாழ்க்கையின் வாயில் மாட்டிய ஷ்டெஃபிட்ஸா ஸ்வெக்' என்று தலைப்பைச் சொல்லலாம், 1981. ஷ்டெஃபிட்ஸா ஒரு தட்டச்சுப் பணிப்பெண். அத்தையோடு இருக்கிறாள். வாழ்க்கையில் ஒரு ஆண் வேண்டும். தோழிகளும் பெண்கள் பத்திரிகைகளும் சொல்லும் யோசனையை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறாள். ஓட்டுநர் ஒருவர், அறிவுஜீவி ஒருவர் என்று வரிசையாக ஆண்கள் வந்து சொதப்பிவிட்டுப் போகிறார்கள்.

புத்தகத்தின் முதலில் தையல் பத்திரிகைகளில் வருவதுபோல ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கும். இந்த இடத்தில் வெட்டிக்கொள்ளலாம், இங்கே சுருக்கு வைக்கலாம் என்று கதைக்குள்ளேயே குறிகள். ஒட்டுத்துணி தைப்பது மாதிரி மலிவான காதல் கதை, பத்திரிகைக் குறிப்பு, அத்தைகளின் அரட்டை எல்லாவற்றையும் ஒட்டித் தைத்திருக்கிறார். சிரிக்காமல் படிக்க முடியாது. ஆனால் ஷ்டெஃபிட்ஸாவைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அவளுக்கு யோசனை சொல்பவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். 1984இல் ராய்கோ கர்லிச் இதைப் படமாக எடுத்தார்.

பெரிய பரிசு ஏதாவது ஊரிலேயே வாங்கினாரா, இல்லை வெளியே போன பிறகுதான் மதிப்பு வந்ததா?

இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 'வெளிநாட்டுக்காரர்கள் தூக்கிவிட்ட எழுத்தாளர்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. 1988இல் வந்த நாவலுக்கு 'நின்' விருது கிடைத்தது. செர்பியத் தலைநகரான பெல்கிரேடில் வெளியாகும் நின் வாரப்பத்திரிகை 1954 முதல் வழங்கிவரும் அந்த விருதுதான் யூகோஸ்லாவியாவில் ஒரு நாவலுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய மரியாதை. அதை வாங்கிய முதல் பெண் இவர்.

அந்த நாவல் ஸாக்ரெபில் நடக்கும் ஒரு பன்னாட்டு எழுத்தாளர் மாநாட்டைப் பற்றியது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் எழுத்தாளர்கள் வந்து குவிகிறார்கள், ஒருவர் நீச்சல் குளத்தருகே செத்துப்போகிறார், உளவு, பொறாமை, குடி எல்லாம் உண்டு. இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த முகங்களைப் பார்ப்பார்கள். விருது வந்த மூன்றே வருடத்தில் ஸாக்ரெபும் பெல்கிரேடும் எதிரெதிர் நாடுகளாகிவிட்டன. விருது கொடுத்த பத்திரிகை 'எதிரி ஊர்' பத்திரிகையானது.

நாட்டை விட்டு ஏன் போனார்? யாராவது துரத்தினார்களா?

கையைப் பிடித்து யாரும் வெளியே தள்ளவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1991 இலையுதிர் காலத்தில் ஸாக்ரெபில் விமானத் தாக்குதல் சைரன் ஒலித்துக்கொண்டிருந்தபோது அவர் ஆம்ஸ்டர்டாம் போனார். அங்கிருந்து அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனார். 1992இல் திரும்பி வந்து பார்த்தால் ஊர் மாறியிருந்தது. 'தூய குரோஷியக் காற்று' என்று எழுதிய காலி டப்பாக்கள் நினைவுப் பொருளாக விற்றுக்கொண்டிருந்தன. அந்த 'தூய' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தேசியவெறி எப்படிக் காற்றிலிருந்து மொழிவரை எல்லாவற்றையும் சலித்துச் 'சுத்தம்' செய்கிறது என்று கட்டுரை எழுதினார். அது ஜெர்மனியின் 'டீ ட்ஸைட்' வார இதழில் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் நாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் பாய்ந்தன. வீட்டுக்கு அநாமதேயத் தொலைபேசி அழைப்புகள், கடிதங்கள். அதைவிட அவரை அதிகம் காயப்படுத்தியது சக ஆசிரியர்களின் மௌனம். கண்ணைப் பார்க்காமல் கடந்து போனவர்களைப் பற்றிப் பல வருடம் கழித்தும் எழுதியிருக்கிறார். 1993இல் நாட்டை விட்டுக் கிளம்பினார். பெர்லினிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இருந்துவிட்டுக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமிலேயே தங்கிவிட்டார்.

'சூனியக்காரிகள்' என்று பட்டம் கட்டினார்களாமே? அது என்ன கதை?

1992 டிசம்பரில் ஸாக்ரெபின் 'குளோபஸ்' வார இதழ் ஒரு கட்டுரை போட்டது. குரோஷியப் பெண்ணியவாதிகள் குரோஷியாவை வன்புணர்கிறார்கள் என்பது தலைப்பு. ஐந்து பெண்களின் பெயர் இருந்தது: துப்ராவ்கா உக்ரெஷிச், ஸ்லாவெங்கா த்ராகுலிச், ராதா இவெகோவிச், வெஸ்னா கெசிச், யெலெனா லோவ்ரிச். ஒவ்வொருவரும் எந்த இனம், கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா, கணவர் எந்த இனம், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவரா என்று அட்டவணை போட்டு அச்சிட்டார்கள். எழுதியவர் பெயர் இல்லை, ஆசிரியர் குழு என்று மட்டும் இருந்தது. சமூகவியலாளர் ஸ்லாவென் லெட்டிட்சா தான்தான் எழுதியதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அந்த வருடம் ரியோ டி ஜெனிரோவில் பென் எழுத்தாளர் அமைப்பின் மாநாடு நடந்தது. அடுத்த மாநாட்டைக் குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரில் நடத்தவிடாமல் இந்தப் பெண்கள் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதனால் 'ரியோவின் சூனியக்காரிகள்'. மாநாடு என்னவோ 1993இல் துப்ரோவ்னிக்கிலேயே நடந்தது! உண்மையான கோபம் வேறு இடத்தில் இருந்தது. போரில் நடந்த வன்புணர்வுகளை இவர்கள் 'செர்பியர்கள் நம் பெண்களுக்குச் செய்தது' என்று மட்டும் சொல்லாமல், போரில் ஆண்கள் பெண்களுக்குச் செய்வது என்றும் பேசினார்கள். அதைத் தேசத்துரோகமாகக் கணக்கிட்டார்கள்.

குரோஷியா அப்போது தாக்கப்பட்ட நாடு. வீடு பற்றி எரியும்போது வீட்டுக்காரரைக் குறை சொன்னது நியாயமா?

இது நல்ல கேள்வி. கேட்டவர் ஒரு போரைப் பார்த்தவர், அதனால் மழுப்ப விரும்பவில்லை. வுகோவர் நகரம் 1991இல் தரைமட்டமானது உண்மை, அதைச் செய்தது யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் என்பதும் உண்மை. உக்ரெஷிச் இதை மறைக்கவில்லை. 'பொய்களின் கலாச்சாரம்' தொகுப்பில் அதிபர் மிலோஷெவிச்சின் செர்பியாவுக்கும் அடி விழுகிறது, அதிபர் துஜ்மனின் குரோஷியாவுக்கும் விழுகிறது. தன் பக்கத்தைப் பற்றி அதிகம் எழுதினார் என்றால், அவருக்குத் தெரிந்த தெரு அது.

அவர் கேட்டது இதுதான்: நம்மை அடித்தவன் கெட்டவன் என்பதால் நாம் செய்வதெல்லாம் நல்லதாகிவிடுமா? அந்த ஆண்டுகளில் குரோஷிய நூலகங்களிலிருந்து செர்பியர்கள் பயன்படுத்தும் சிரிலிக் எழுத்தில் அச்சான புத்தகங்களும் செர்பிய எழுத்தாளர்களின் புத்தகங்களும் தூக்கி எறியப்பட்டன. தெருப்பெயர்கள் மாறின. இதையெல்லாம் போர் முடிந்ததும் பேசலாம் என்றால், முடிந்த பிறகு பேச அந்தப் புத்தகங்கள் இருக்காது. என் அபிப்பிராயத்தில் அவர் சொன்னது சரி, சொன்ன தொனி சில இடங்களில் கொஞ்சம் அலட்சியம். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அப்படியென்றால் அவர் பழைய யூகோஸ்லாவியாவுக்கு ஏங்கியவரா?

'யூகோ ஏக்கம்' என்ற சொல் தொண்ணூறுகளில் அங்கே ஒரு வசைச்சொல். பழைய ஆட்சியை விரும்புகிறவன், துரோகி என்று அர்த்தம். உக்ரெஷிச் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாடு உடைந்தபோது நிலம் மட்டும் பிரியவில்லை, ஐம்பது வருட அன்றாட வாழ்க்கையும் செல்லாக்காசாகிவிட்டது என்றார். பள்ளிப் பாடப்புத்தகம், பாட்டு, சாக்லேட் உறை, டிவி தொடர் எல்லாம் திடீரென்று 'இல்லை' என்றானது. இதற்கு அவர் வைத்த பெயர் 'நினைவுப் பறிமுதல்'.

வேடிக்கை என்னவென்றால், நாடு உடைவதற்கு முன்பே 1989இல் அவரும் இரண்டு நண்பர்களும் யூகோஸ்லாவிய அன்றாடப் பொருட்களுக்கு ஓர் அகராதி தயாரிக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். அப்போது அது விளையாட்டு. பலர் எழுதி அனுப்பிய குறிப்புகளோடு 'யூ தொன்மங்களின் அகராதி' 2004இல் புத்தகமாக வந்தபோது அது இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியலாகிவிட்டிருந்தது. டிட்டோவின் ஆட்சி திரும்ப வரவேண்டும் என்று உக்ரெஷிச் எங்கேயும் எழுதவில்லை.

'நிபந்தனையற்ற சரணடைதலின் அருங்காட்சியகம்' – நாவலுக்கு இப்படி ஒரு தலைப்பா? எதைப் பற்றியது?

பெர்லினில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பகுதியில், 1945இல் நாஜி ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்ட கட்டடத்தில் சோவியத்துக்காரர்கள் நடத்தியது. பெர்லினில் அலையும் அகதிகள் அங்கே போய் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். நாடு இழந்தவர்களுக்குப் பொருத்தமான தலைப்புதான்.

ஆனால் நாவல் தொடங்குவது வால்ரஸ் என்ற பெரிய கடல் விலங்கின் வயிற்றில். பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையில் ரோலண்ட் என்ற வால்ரஸ் இருந்தது. பெர்லின் சுவர் எழும்பிய ஒரு வாரத்தில், 1961 ஆகஸ்ட் 21 அன்று செத்தது. அதன் வயிற்றிலிருந்து எடுத்த பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்பு சிகரெட் லைட்டர், ஐஸ் குச்சிகள், நாய்க்குட்டி வடிவ உலோக ஊசிப்பதக்கம், பீர் பாட்டில் திறப்பான், தண்ணீர்த் துப்பாக்கி, குழந்தையின் ஷூ, சாவிக்கொத்து, ஊசி நூல் வைத்த சின்னப் பை. பார்க்கிறவர் கொஞ்ச நேரம் நின்றால் இவற்றுக்கு இடையே ஏதோ தொடர்பு தெரிய ஆரம்பிக்கும். என் நாவலையும் அப்படியே படியுங்கள், துண்டுகளுக்கிடையே தொடர்பு தேடி அவசரப்படாதீர்கள், அது தானே வரும் என்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான நாவல் முன்னுரை இல்லை.

புகைப்பட ஆல்பங்கள்தான் இந்த நாவலின் உயிர். போஸ்னியத் தலைநகர் சரயேவோவைக் குண்டு வீசித் தகர்த்துக்கொண்டிருந்த செர்பியப் படைகளின் ஜெனரல் ராட்கோ மிலாடிச், ஊருக்குள் இருந்த தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உன் வீட்டை இப்போது தகர்க்கப்போகிறேன், ஐந்து நிமிடம் தருகிறேன், ஆல்பங்களை எடுத்துக்கொள் என்றாராம். நாவலில் வரும் ஒரு போஸ்னிய அகதி சொல்கிறார், அகதிகள் இரண்டே வகை: புகைப்படம் உள்ளவர்கள், இல்லாதவர்கள். வீட்டை விட்டு ஓடியவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. இந்த நாவல் மூலமொழியில் வரும் முன்பே மொழிபெயர்ப்பில் வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். எழுதியவரின் நிலைமை அப்படி.

'வலி அமைச்சகம்' படிக்கலாமா? தலைப்பே பயமாக இருக்கிறது.

படிக்கலாம். 2004இல் வந்தது. தான்யா லூசிச் என்ற பெண் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் யூகோஸ்லாவிய இலக்கியம் நடத்துகிறாள். நாடே இல்லை, அதன் இலக்கியத்தை எப்படி நடத்துவது? மாணவர்களும் அங்கிருந்து ஓடி வந்தவர்கள்தான், பாதிப்பேர் விசாவுக்காகப் படிப்பில் சேர்ந்தவர்கள். அவள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு நினைவைக் கொண்டுவாருங்கள் என்கிறாள். நாமெல்லாம் பார்த்திருக்கும் அந்தச் சிவப்பு-வெள்ளை-நீலக் கோடு போட்ட மலிவுப் பிளாஸ்டிக் பைதான் அவர்களின் அருங்காட்சியகம்.

மாணவர்கள் சிலர் பிழைப்புக்காக வேலை செய்யும் தையல் பட்டறையை அவர்கள் 'அமைச்சகம்' என்று அழைக்கிறார்கள். பாலுறவில் வலியை விரும்புகிறவர்களுக்கான தோல் உடைகள் அங்கே தைக்கப்படுகின்றன. தலைப்பு அங்கிருந்து வந்தது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த நீதிமன்றம் இருந்த ஹேக் நகரம் ரயில் தூரத்தில்தான் இருக்கிறது. நல்ல மனதோடு தொடங்கும் நினைவு விளையாட்டு எப்படிக் கொடுமையாக மாறுகிறது என்பதுதான் கதை. நினைவைக் காப்பாற்றவேண்டும் என்று முந்தைய நாவலில் உருகியவர், இதில் அந்த உருக்கத்தையே சந்தேகப்படுகிறார். அதனாலேயே எனக்கு இது பிடிக்கும்.

எல்லா நாவலிலும் 'நான்' என்று வருகிறதே, அது அவர்தானா? சுயசரிதையா?

இதற்கு அவரே பதில் சொல்லிவைத்திருக்கிறார். இது சுயசரிதையா என்ற கேள்வி என்றாவது போலீசுக்குத் தேவைப்படலாம், வாசகருக்குத் தேவையில்லை என்ற பொருளில் வால்ரஸ் நாவலின் தொடக்கத்திலேயே ஒரு வரி உண்டு. அவரைப் பற்றி அச்சிட்ட அந்த அட்டவணையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வராது. 'வலி அமைச்சகம்' முன்குறிப்பிலோ எல்லாமே கற்பனை, ஆம்ஸ்டர்டாம்கூட முழுக்க உண்மையில்லை என்கிறார்.

பாபா யாகா பற்றிய நாவல் பேய்க்கதையா?

பாபா யாகா ரஷ்யாவிலும் ஸ்லாவிய நாடுகளிலும் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் வரும் கிழவி. கோழிக்கால் மேல் நிற்கும் குடிசையில் இருப்பாள், உரலில் ஏறிப் பறப்பாள். 2008இல் வந்த 'பாபா யாகா முட்டையிட்டாள்' மூன்று பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதியில் ஸாக்ரெபில் தனியாக இருக்கும் வயதான அம்மா. சொற்கள் அவர் நாக்கிலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன. தன்னால் போகமுடியாத வார்னாவுக்கு மகளைத் தன் 'பெதெல்' ஆக அனுப்புகிறார். ஒருவருக்குப் பதிலாக மெக்காவுக்கு யாத்திரை போய்வருபவரைக் குறிக்கும் துருக்கியர் காலத்துச் சொல் அது. மகள் போய்ப் பார்த்தால் அம்மாவின் ஊர் அங்கே இல்லை.

இரண்டாம் பகுதியில் மூன்று கிழவிகள் செக் நாட்டு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்ச் செய்யும் அட்டகாசம். மூன்றாவது, டாக்டர் அபா பகாய் என்பவர் எழுதுவதாக வரும் பாபா யாகா ஆராய்ச்சிக் குறிப்பு. பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள், யார் என்று தெரியும். ஆராய்ச்சிப் பகுதி சிலருக்குச் சலிப்புத் தட்டும். தட்டினால் தாண்டிவிட்டுக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், அங்கே உலகத்துக் கிழவிகள் எல்லாரும் கிளம்பி வருகிறார்கள்.

கடைசி நாவல் எது?

'நரி', 2017. பில்ன்யாக் 1920களில் ஜப்பானை வைத்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று ஒரு கதை எழுதினார். நரி தந்திரத்துக்கும் துரோகத்துக்கும் தெய்வம், எழுத்தாளர்களுக்கும் அதுதான் தெய்வம் என்பார் அதில். ஸ்டாலின் ஆட்சியில் 1938இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இளம்வயதில் தான் மொழிபெயர்த்த ஆளிடமே கடைசியில் திரும்பி வந்திருக்கிறார் உக்ரெஷிச். குரோஷிய கிராமத்தில் வீடு கிடைத்து, கண்ணிவெடி அகற்றும் ஒருவரோடு கொஞ்ச நாள் சந்தோஷமாக இருக்கும் பகுதிதான் இதில் உச்சம். மேலே சொன்னால் கெட்டுவிடும்.

கட்டுரைகள் நாவலைவிட நன்றாக இருக்கும் என்கிறார்களே?

ஒரு பக்கம் அது சரிதான். அமெரிக்காவில் இருந்தபோது டச்சு நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய பத்திகள் ஓர் அகராதி வடிவில் 1993இல் நூலாயின. ஜாகிங், ஆர்கனைசர், கோகோ-கோலா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டுரை. சரயேவோ எரிந்துகொண்டிருக்கும்போது சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும் ஒருத்தியின் பார்வை. இன்னொரு தொகுப்பு புத்தகச் சந்தையைப் பற்றியது, 'வாசிக்காததற்கு நன்றி' என்று தலைப்பு. லண்டன் புத்தகச் சந்தையை நடிகை ஜோன் காலின்ஸ் திறந்துவைத்ததில் தொடங்குகிறது, நம் ஊர்ப் புத்தகக் காட்சிகளுக்குப் போய்வருபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்றாலும் கட்டுரைகளில் கோபம் முன்னால் நிற்கும். ஒரே மூச்சில் ஒரு தொகுப்பைப் படித்தால் புலம்பலாகத் தோன்ற வாய்ப்புண்டு. வாரத்துக்கு ஒன்று என்று படியுங்கள்.

எந்த மொழியில் எழுதினார்? குரோஷியனா, செர்போ-குரோஷியனா?

இலக்கண ரீதியாக குரோஷியனும் செர்பியனும் போஸ்னியனும் மாண்டிநீக்ரனும் ஒருவருக்கொருவர் மொழிபெயர்ப்பில்லாமல் பேசிக்கொள்ளக் கூடியவை. ரொட்டிக்கு ஸாக்ரெபில் 'க்ருஹ்', பெல்கிரேடில் 'ஹ்லெப்'. நதிக்கு இங்கே 'ரியெகா', அங்கே 'ரெகா'. போர்க் காலத்தில் ரொட்டியைத் தவறான சொல்லில் கேட்டால் நீ யார் என்று பார்ப்பார்கள். 1988 நாவலின் தலைப்பில் ஸாக்ரெப்காரரான உக்ரெஷிச் பெல்கிரேடு உச்சரிப்பான 'ரெகா'வைத்தான் போட்டிருந்தார். அப்போது அது வெறும் சொல் விளையாட்டு. 'வலி அமைச்சகம்' மாணவர்கள் பெயர் வம்பே வேண்டாம் என்று 'நம்ம பாஷை' என்கிறார்கள். நான்கும் ஒரே மொழியின் வடிவங்கள்தான் என்று 2017இல் வெளியான பொதுமொழிப் பிரகடனத்தில் உக்ரெஷிச்சும் கையெழுத்திட்டார்.

சரி, கடைசியில் இவர் குரோஷிய நாவலாசிரியரா, இல்லையா?

பிறந்த ஊர், படித்த ஊர், எழுதிய மொழி என்று பார்த்தால் ஆமாம். நூலக அலமாரியில் அங்கேதான் இருக்கும். ஆனால் அவர் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. யூகோஸ்லாவியாவுக்குப் பிந்தையவர், தேசம் கடந்தவர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்து, தேசத்துக்குப் பிந்தையவர் என்பதே இன்னும் சரி என்றார். பெரிய மொழிக்காரர் எழுதினால் அது இலக்கியம், சின்ன மொழிக்காரர் எழுதினால் வாசலிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் புகார்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1961இல் நோபல் வாங்கிய ஈவோ ஆண்ட்ரிச் போஸ்னியாவில் குரோஷியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், பெல்கிரேடில் வாழ்ந்து செர்பிய வழக்கில் எழுதியவர். மூன்று நாடும் அவரை எங்கள் ஆள் என்று இழுக்கின்றன. உக்ரெஷிச் விஷயத்தில் தலைகீழ்: ஊர் முதலில் தள்ளியது, பிறகு இவரே வரமாட்டேன் என்றார். நான் 'குரோஷியாவிலிருந்து வந்த எழுத்தாளர்' என்று சொல்லிச் சமாளிக்கிறேன். 'வந்த' என்பதில் அழுத்தம்.

நோபல் கிடைத்ததா?

இல்லை. ஐரோப்பிய இலக்கியத்துக்கான ஆஸ்திரிய அரசு விருது 1998இல், ஹைன்ரிஷ் மான் பரிசு 2000இல், அமெரிக்காவின் நியூஸ்டாட் பரிசு 2016இல். நோபலுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படுவது நியூஸ்டாட்.

எதிலிருந்து தொடங்குவது?

சிரிக்கவேண்டும் என்றால் ஷ்டெஃபிட்ஸா. வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் பாபா யாகாவின் முதல் பகுதி, எண்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். நாவல் என்றால் முதலும் நடுவும் முடிவும் வேண்டும் என்பவர்களுக்கு 'வலி அமைச்சகம்'தான் கொஞ்சம் வசதி, பயமாக இருக்கிறது என்று சொன்னவர் மன்னிக்கவும். ஆங்கிலத்தில் படிப்பதானால் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். வால்ரஸ் நாவல் சீலியா ஹாக்ஸ்வொர்த், 'வலி அமைச்சகம்' மைக்கேல் ஹென்றி ஹைம். இருவருமே அந்த மொழிகளோடு வாழ்ந்தவர்கள்.

வால்ரஸ் நாவலை மட்டும் யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். சொந்தப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பத்துப் பத்துப் பக்கமாக, எங்கே வேண்டுமானாலும் திறந்து படிக்கிற புத்தகம் அது. என் பிரதியை வாங்கிப்போன இரண்டு பேரும் இன்னும் திருப்பித் தரவில்லை.